தேவையற்ற பரிந்துரை

ஜனவரி 9

அன்புள்ள பொடிசுக்கு,

அவள் நல்ல டாக்டராக வருவாளா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. இருபத்தொரு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நான் நல்ல டாக்டரா என்பதே இன்னும் உறுதியாகத் தெரியாதபோது, ஒரே வாரத்தில் உன் மகளைப் பற்றி என்ன சொல்வேன்?

நான் நலம். முழங்கால் வலி வழக்கம்போல. உன் ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது? வலி முற்றிய பிறகு மாத்திரையைத் தேடாதே, தொடங்கும்போதே போட்டுக்கொள். இதயநோய் நிபுணருக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லைதான்.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். காலையில் எனக்கு முன்னால் வந்துவிடுகிறாள். நீ இந்த இடத்தைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது, எதுவும் மாறவில்லை. ஒரு பக்கம் சாவி செய்யும் கடை, மறு பக்கம் தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை, நடுவில் இரண்டு படி ஏறினால் நாங்கள். உள்ளே ஒரு பெஞ்சு, டோக்கன் டப்பா, டப்பாவுக்குப் பின்னால் நர்ஸம்மா. அவர்தான் முதலில் புகார் சொன்னார்.

"டாக்டர், உங்க குருவி ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் எடுக்குது. வெளிய உக்காந்திருக்கறவங்களுக்கு நோய் தானா சரியாயி எழுந்து போயிடறாங்க."

"அதுவும் ஒரு வைத்தியம்தானே சிஸ்டர்," என்றாள் உன் மகள், தலையைத் தூக்காமல்.

குழந்தையில் கூப்பிட்டதுபோல நான் ஒரு தடவை வாய்தவறிக் குருவி என்று கூப்பிட்டுவிட்டேன். இப்போது டோக்கன் வாங்க வருபவர்களும் 'குருவி டாக்டர் இருக்காங்களா' என்று கேட்கிறார்கள். நீ அந்தப் பெயரை விரும்புவதில்லை என்று தெரியும். பழகிவிட்டது.

உள் அறையில் படுத்துக்கொள்கிறாள். சுவர்ப் பக்கம் திரும்பி, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு. இரண்டு வயதிலும் அப்படித்தான் தூங்குவாள். அப்போது நீ மேற்படிப்பில் இருந்தாய், பார்த்திருக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

போனில் பேசினால் நான்காவது நிமிடத்தில் நம்மில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். ஆகையால் கடிதமே எழுது.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. தலைவலி பரவாயில்லை. முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தாயா, அல்லது நோயாளிகளிடம் சொல்வதைப் போல 'பார்க்கலாம்' என்று விட்டுவிட்டாயா?

அவள் எப்படித் தூங்குவாள் என்று எனக்கும் தெரியும். மூன்றரை வயதிலிருந்து இருபத்துமூன்று வயது வரை அவள் இங்கேதான் தூங்கினாள்.

இந்த நான்கு மாதத்தை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டால் போதும். எல்லாப் பயிற்சி மருத்துவர்களும் ஒரு சிறிய மருத்துவமனையில் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. காய்ச்சலும் சளியும் பார்த்தால் பொறுமை வரும், அது எந்தத் துறைக்கும் உதவும். ஏப்ரல் கடைசி நாளுக்குள் மேற்பயிற்சிக்கான விருப்பப் படிவத்தை அனுப்பிவிட வேண்டும். மூன்று விருப்பங்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதலில் இதயநோய்த் துறை. மற்ற இரண்டையும் அவள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். படிவத்தோடு ஒரு மதிப்பீட்டுத் தாள் இருக்கும். மேற்பார்வை மருத்துவர் என்ற முறையில் நீதான் எழுத வேண்டும். இரண்டு வரி போதும்.

அவளுக்கு நல்ல காது. ஐந்து வயதில் என் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வீட்டில் எல்லோருடைய நெஞ்சிலும் வைத்துக் கேட்பாள். அந்தக் காது என்னிடமிருந்து வந்தது. துருப்பிடிக்க விட்டுவிடாதே.

இன்னொன்று. தினமும் மாலையில் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசுவாள். இப்போது மூன்று நிமிடத்தில் 'பெரியம்மா கூப்பிடறாங்கம்மா' என்று வைத்துவிடுகிறாள். அப்படி என்ன வேலைக்குக் கூப்பிடுகிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


பிப்ரவரி 6

அன்புள்ள பொடிசுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எக்ஸ்ரே எடுக்கவில்லை. வயதுக்கு உண்டான தேய்மானம் என்று படம் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

மாலையில் நான் கூப்பிடுவது வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர்களைப் பார்க்க. எழுந்து வர முடியாதவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். முதல் நாள் ஒரு வீட்டில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கிளம்பப் போனாள். நான் அந்த வீட்டுக் குளியலறையைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். வழுக்குத் தரை, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 'இந்த அம்மா அடுத்து விழப்போறது இங்கதான், இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல பெரியம்மா' என்றாள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குளியலறைக்குத்தான் போகிறாள். வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

உன் கடிதங்களைக் கொண்டுவருவது எங்கள் தபால்காரம்மா. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது அவருக்கு. பதினொரு வருடமாக என்னிடம் வருகிறார். அழுத்தம், முழங்கால், அவ்வளவுதான். தெருவில் எல்லோருக்கும் பெட்டியில் போடுவார், எனக்கு மட்டும் உள்ளே வந்து கையில் தருவார். வாசலில் இரண்டு படி ஏறியதும் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். போன வாரம் உன் மகள் அவரையும் விடவில்லை, பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"நான் லெட்டர் குடுக்க வந்தேம்மா. எனக்கு டோக்கன் கூட இல்ல."

"லெட்டருக்குப் பதிலா நெஞ்சக் குடுத்துட்டுப் போங்க. அஞ்சு நிமிஷம்."

கொஞ்ச நேரம் கேட்டாள். கழுத்தில் வைத்துக் கேட்டாள். பிறகு என்னையும் கேட்கச் சொன்னாள். அனுப்ப வேண்டிய இடத்துக்கு எழுதிவிட்டேன்.

அவள் பொறுமையைப் பற்றிக் கவலைப்படாதே. பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவளாக எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

நலம்தான். நீயும் நலமாக இருப்பாய். கடிதத்திலேயே தெரிகிறது, இவ்வளவு சந்தோஷமாக நீ எழுதி நான் படித்ததில்லை.

முதல் விருப்பமாகக் குடும்ப மருத்துவம் எழுதலாமா என்று யோசிக்கிறாளாம். நேற்று போனில் சொன்னாள். அவளிடம் என்ன சொன்னாய்? ஒன்றும் சொல்லவில்லை என்பாய். நீ எதையும் சொல்ல மாட்டாய். பக்கத்தில் உட்கார்ந்து உன் வேலையைப் பார்ப்பாய், பார்க்கிறவர்களுக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லை என்று தோன்றும். சின்ன வயதில் நீ பென்சில் சீவினால்கூட எனக்கு அப்படித்தான் தோன்றும்.

ஒரு நாளில் எழுபது பேரைப் பார்க்கிறேன். முதலில் பார்த்தவர் ஒழுங்காகக் கேட்டிருந்தால் அதில் பாதிப் பேர் என்னிடம் வந்திருக்கவே வேண்டாம். நல்ல மாணவர்கள் முதல்நிலை மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்று நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன், கை தட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. என் மகளுக்குச் சொல்லவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

பதினைந்து வருடம் கழித்து அவள் நாற்பது டோக்கனுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். அவள் கண்டுபிடித்ததை வேறு யாரோ சரிசெய்வார்கள், பெயரும் அவர்களுக்குத்தான் போகும். இது உனக்குத் தெரியாததா?

அந்தத் தபால்காரம்மாவை எங்கே அனுப்பினாய்? எங்கள் பட்டியலில் உங்கள் ஊர்க்காரர் யாரும் இல்லை. உன் கையெழுத்தில் என் துறைக்கு ஒரு கடிதம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

தங்கை


மார்ச் 14

அன்புள்ள பொடிசுக்கு,

உடனே எழுத முடியவில்லை. ஊரெல்லாம் காய்ச்சல், டோக்கன் அறுபதைத் தாண்டிவிட்டது. நர்ஸம்மாவே இரண்டு நாள் படுத்துவிட்டார். டப்பாவைக் குருவிதான் பார்த்துக்கொண்டாள். தலைவலி வராமல் இருக்கிறாயா?

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ நம்பப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன். ஒரு நாள் அவளே சொன்னாள். ஐந்தரை வருடப் படிப்பில் குடும்ப மருத்துவத்துக்கு இரண்டே வாரமாம். அதையும் நடத்தியவர் இப்படி ஒரு பெஞ்சைத் தன் வாழ்நாளில் பார்த்திராதவராம். 'யார் எங்க போகணும்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல, அந்த ஆள யாருமே சொல்லிக்குடுத்து உருவாக்கல' என்றாள். நான் சிரித்திருக்கலாம். அதற்காக நீ என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

பயிற்சிக்காக ஒரு சிறு ஆய்வு செய்ய வேண்டுமாம். எங்கள் பரிந்துரைப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறாள். யாரை எந்தத் துறைக்கு, எங்கே அனுப்பினோம், எத்தனை நாளில் பார்த்தார்கள் என்று. இந்த வயதில் எண்ணுவதற்கு எது கிடைத்தாலும் சந்தோஷம்.

படிவம் வந்துவிட்டது. மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

உடம்பைக் கவனி.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

இங்கே நலம்.

தபால்காரம்மாவைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் இல்லை. எங்கே அனுப்பினாய்?

இரண்டு மூன்று நாட்களாக என் மகளின் குரல் மாறியிருக்கிறது. கேட்டால் 'ஒண்ணுமில்லம்மா' என்கிறாள். 'பெரியம்மா எப்படி இருக்காங்க' என்றால் 'இருக்காங்க' என்கிறாள். போன மாதம் வரை பெரியம்மா தும்மினால்கூட எனக்குச் செய்தி வரும். அது எரிச்சலாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது அதைவிட மோசமாக இருக்கிறது. அங்கே என்ன நடந்தது?

தங்கை


மார்ச் 28

இதயநோய்த் துறைத் தலைவர் அவர்களுக்கு,

இக்கடிதத்துடன் வருபவர் ஐம்பத்தொன்பது வயதுப் பெண், தபால் ஊழியர். இன்று காலை பத்தேகால் மணிக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்கு ஏறும்போது மயங்கி விழுந்தார். சுமார் ஒரு நிமிடம் நினைவில்லை. இடது மணிக்கட்டு முறிந்துள்ளது, நெற்றியில் காயம். தற்போது நினைவு தெளிவாக உள்ளது. ஒரு வருடமாகப் படியேறும்போது மூச்சு வாங்குகிறது.

நெஞ்சில் இதய ஓசையோடு கூடுதலாக ஒரு முணுமுணுப்பு கேட்கிறது; கழுத்துவரை பரவுகிறது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு சுருங்கியிருப்பதாகக் கருதுகிறேன். இதைப் பிப்ரவரி 2 அன்று என்னுடைய பயிற்சி மருத்துவர் கண்டுபிடித்தார். பதினொரு ஆண்டுகளாக நோயாளியைப் பார்த்துவரும் நான் கண்டுபிடிக்கவில்லை. வேறொரு மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்பட்டு, ஏப்ரல் 2 தேதி கிடைத்திருந்தது.

பயிற்சி மருத்துவர் உடன் வருகிறார். தங்கள் கருத்தையும் சிகிச்சையையும் வேண்டுகிறேன்.

பொது மருத்துவர்


மார்ச் 31

அன்புள்ள பொடிசுக்கு,

உன் மார்ச் 24 கடிதம் தபால்காரம்மாவின் பையில் இருந்தது. படிக்கட்டில் சிதறிக் கிடந்ததைக் குருவி பொறுக்கியபோது கிடைத்ததாம். ஒரு மூலையில் செருப்புத் தடம் இருக்கிறது. அதனால்தான் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ நலமா என்று கேட்கவும் இந்த முறை கூச்சமாக இருக்கிறது.

எங்கே அனுப்பினேன் என்று கேட்டாய். உன் ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரப் பயணம். நான் எழுதிக்கொடுத்த இடம் நான்கு மணி நேரம், நடுவில் ஒரு வண்டி மாற வேண்டும். எட்டு வாரம் கழித்துத்தான் தேதி கொடுத்தார்கள். சரி என்றேன்.

இருபதாம் தேதி குருவி பதிவேட்டை மூடிவைத்துவிட்டு வந்தாள். நோயாளிகள் போய்விட்டார்கள், நர்ஸம்மா டோக்கன்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, ஒன்பது வருஷத்துல ஹார்ட்டுக்குன்னு அறுபத்தேழு பேர அனுப்பியிருக்கீங்க. ஒருத்தர் கூட அம்மாகிட்ட போகல."

"அங்க கூட்டம் அதிகம்."

"அங்கதான் கம்மி. நான் விசாரிச்சுட்டேன். தபால்காரம்மாவ அனுப்பியிருந்தா அஞ்சு நாள்ல பாத்திருப்பாங்க."

"அவங்களுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்க. போனா தங்கிக்கலாம்."

"அவங்களுக்குச் சொந்தம்னு யாரும் இல்ல பெரியம்மா. எங்கிட்ட சொன்னாங்க. டாக்டரம்மாதான் சொந்தம்னாங்க."

நர்ஸம்மா டோக்கன் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி துடைத்தார். அன்றைக்கே வேறு கடிதம் எழுதியிருக்கலாம். இன்னும் இரண்டு வாரம்தானே என்று நினைத்தேன். இல்லை, அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைக் குருவி உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லாதே என்று நான் அவளைக் கேட்கவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் நான் கடைசியாக உனக்கு அனுப்பியவர் ஒரு கொத்தனார். நெஞ்செரிச்சல் என்று வந்தார், எனக்கு மனம் ஒப்பவில்லை, அனுப்பினேன். உன் துறையிலிருந்து வந்த பதிலின் ஓரத்தில் 'தேவையற்ற பரிந்துரை' என்று எழுதியிருந்தது. உன் கையெழுத்து. நர்ஸம்மாதான் உறையைப் பிரித்தவர், அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அந்த இரண்டு வார்த்தைக்காக அறுபத்தேழு பேரை வண்டி மாற வைத்திருக்கிறேன். தபால்காரம்மா வயதானவர், பருமன், மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று பதினொரு வருடம் நினைத்திருக்கிறேன். உன் மகள் ஐந்து நிமிடத்தில் கேட்டாள். என்னையும் கேட்கச் சொன்னபோது, எனக்கும் தெளிவாகக் கேட்டது. கேட்டதும் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இது பொடிசின் காது.

அவர் எப்படி இருக்கிறார் என்று எழுது.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நான் நலம். அவரும் நலம். எட்டாம் தேதி வால்வை மாற்றினோம். நேற்று வராந்தாவில் நடந்தார். மணிக்கட்டில் கட்டு இருக்கிறது. ஒரு கையால் எல்லோர் மருந்துச் சீட்டையும் வாங்கிப் படுக்கை எண்படி அடுக்கிக் கொடுக்கிறாராம், நர்ஸுகள் அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்கிறார்கள். ஏப்ரல் 2 வரை இருந்திருப்பாரா என்று கேட்காதே. இருந்திருக்கலாம். வால்வு இருந்த நிலையில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம். அது இருக்கட்டும்.

அந்த இரண்டு வார்த்தையை என் உதவியாளர் எழுதியதாகவும் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதாகவும் சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நான்தான் எழுதினேன். அந்தக் கொத்தனாரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, 'எங்க டாக்டரம்மா தொட்டுப் பாத்துச் சொன்னாங்கன்னா நிம்மதியா இருக்கும், நீங்க மிஷினப் பாத்துத்தான சொல்றீங்க' என்றார். நீ அனுப்பிய ஒவ்வொருவரும் இப்படித்தான். உன் கடிதத்தைப் புடம்போட்ட தங்கம்போலப் பிடித்துக்கொண்டு வருவார்கள், என்னைக் கடைச் சிப்பந்தியைப் போலப் பார்ப்பார்கள். பத்து வருடம் படித்துவிட்டு உனக்குச் சிப்பந்தியாக இருக்க எனக்கு மனமில்லை. எழுதினேன். உனக்கு அது வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதினேன். ஆனால் நீ அதற்காக ஆட்களைத் திசை திருப்புவாய் என்று நினைக்கவில்லை. அனுப்புவதை நீ நிறுத்தியது எனக்குத் தெரியும். கேட்கவில்லை. அது என் பங்கு.

இன்னும் பழையது ஒன்று. மேற்படிப்பு முடிந்து உன்னிடமிருந்து என் மகளைக் கூட்டிப்போக நான் வந்தபோது அவள் உன் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நான் யார் என்று நீ அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். உன்னால் எனக்குக் கிடைத்த படிப்பு அது, அவளுக்காக நீ மேற்படிப்புத் தேர்வே எழுதாமல் இருந்தாய் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். அதனால் உன் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது. இருபது வருடமாக அந்தக் கடனோடு இருக்கிறேன்.

தபால்காரம்மாவோடு ஆம்புலன்ஸில் வந்த அன்று அவளைப் பார்த்தேன். அவருடைய முறிந்த கையைத் தன் கையில் தாங்கிக்கொண்டு, கட்டிலோடு கூடவே நடந்து வந்தாள். என்னை முதலில் 'மேடம்' என்றாள், பிறகுதான் 'அம்மா' என்றாள். நன்றாகத்தான் வந்திருக்கிறாள்.

மதிப்பீட்டுத் தாளில் என்ன எழுதப் போகிறாய்? உன் இரண்டு வரியை எல்லோரும் நம்புவார்கள். எனக்கு அவள் வேண்டும், அக்கா.

தங்கை


ஏப்ரல் 29

அன்புள்ள பொடிசுக்கு,

நலம். எக்ஸ்ரே எடுத்தேன், தேய்மானம்தான். இருந்தாலும் எடுத்தேன்.

இப்போது வேறொருவர் தபால் கொண்டுவருகிறார். உள்ளே வருவதில்லை, பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார். உன் கடிதம் அதில் இரண்டு நாள் கிடந்தது, எனக்குப் பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லை.

அப்பா எல்லோரிடமும் சொன்னதை நான் திருத்தியதில்லை. இப்போது திருத்துகிறேன். அந்த வருடம் நான் தேர்வு எழுதாததற்குக் குழந்தை காரணம் இல்லை. விண்ணப்பத்தை நிரப்பி, உறையில் போட்டு, ஒட்டியும் வைத்திருந்தேன். முதல் முறை தேறவில்லை, இரண்டாம் முறையும் தேறாவிட்டால் நீ தேறிய வீட்டில் எப்படி இருப்பது என்று பயந்து அனுப்பவில்லை. குழந்தை இருந்தது வசதியாகப் போயிற்று. உனக்கு என்னிடம் எந்தக் கடனும் இல்லை. கோபப்பட உனக்கு முழு உரிமை உண்டு, வைத்துக்கொள்.

இந்த வேலையை நான் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. பிறகு விரும்பினேன். அது உண்மை. ஆனால் உன் மகள் முதலிலேயே விரும்புகிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன், சந்தோஷத்தோடு சேர்த்து.

மதிப்பீட்டுத் தாளை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்று எழுத வந்தது. அவளுக்காக எழுதுகிறேனா, உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள எழுதுகிறேனா என்று தெரியவில்லை. தெரியாததை எழுதக்கூடாது. ஆகையால் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்: 'இவருடைய செவித்திறன் நான் பார்த்த பயிற்சி மருத்துவர்கள் எவரிடமும் இல்லாதது, மேற்பார்வை மருத்துவர் தவறவிட்டதைக் கண்டறிந்தார். இதயநோய்த் துறைக்கு மிகவும் பொருத்தமானவர்.' கையெழுத்துப் போட்டு மேஜை மேல் வைத்திருக்கிறேன். விருப்பப் பகுதியை அவள் இன்னும் நிரப்பவில்லை. நாளைக்குக் கடைசி நாள். நடந்ததை எழுதிவிட்டு இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.

ஏப்ரல் 30

காலை ஒன்பது மணிக்குத் தாளைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"பெரியம்மா, இது என்னப் பத்தி எழுதினதா, இல்ல அம்மாவுக்கு எழுதின லெட்டரா?"

"ரெண்டும்தான்," என்றேன்.

"மாத்த வேண்டாம். நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு என் முன்னாலேயே விருப்பப் பகுதியை நிரப்பினாள். முதல் விருப்பம் குடும்ப மருத்துவம். இரண்டாவது இதயநோய்த் துறை. மூன்றாவதை யோசிக்காமல் நிரப்பினாள். பயிற்சி இடம் என்ற கட்டத்தில் நம் இருவர் ஊரையும் எழுதவில்லை. வடக்கே ரயில் கடைசியாக நிற்கும் ஊர் ஒன்றை எழுதினாள்.

"அங்க யாரத் தெரியும் உனக்கு?"

"யாரையும் தெரியாது. அங்க இருக்கறவங்களுக்கும் உங்க ரெண்டு பேரையும் தெரியாது."

நர்ஸம்மா டோக்கன் டப்பாவைப் பார்த்துக்கொண்டு, "நல்ல காரணம்," என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

காது கெட்டுப்போகாதா, வீணாகாதா என்று நீ கேட்பதாக நினைத்துக்கொண்டு நானே அவளைக் கேட்டேன். "மூணாவது மாடிக்கு ஏறதுக்கு முன்னாடி கேக்கறதுக்குத்தான பெரியம்மா காது," என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பதினொரு மணிக்குப் படிவம் போயிற்று. நானாகப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். உன் துறையிலிருந்து தபால்காரம்மாவின் சிகிச்சை அறிக்கை வந்திருந்தது. ஓரத்தில் உன் கையெழுத்து: 'தேவையான பரிந்துரை. தாமதம்.' இரண்டும் சரி. நர்ஸம்மாவிடம் காட்டினேன், பதிவேட்டில் ஒட்டிவிட்டார். மதியம் நெஞ்சு படபடப்பென்று வந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரை உன்னிடம் அனுப்பியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருவார். நிறையப் பேசுவார், பேச விடு.

மொத்தம் நாற்பத்தொரு டோக்கன் பார்த்தோம். குருவி இப்போது ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வருகிறாள், ஒரு வாரம் இருப்பாள்.

அந்த வடக்கூரில் அவளை மேற்பார்வை பார்க்கப் போகும் டாக்டரின் பெயரைப் படிவத்தில் பார்த்தேன். ஒரு பெண். வேறு எதுவும் தெரியாது. இப்போதே அவரைப் பிடிக்கவில்லை. உனக்கும் பிடிக்காது என்று நினைக்கிறேன்.

தலைவலி வந்தால் தொடங்கும்போதே மாத்திரை போடு.

அக்கா